ஆய்வாளரின் உளப்பட்டை

பிடரியில் உளப்பட்டை ஒட்டிக்கொண்டதுமே நறுமுகையின் பயம் போய்விட்டது. சற்று முன்புவரை உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருந்த புதுமுக நடிகை, இப்போது அந்த மொட்டை மாடியை மூலை மூலையாகத் துழாவிப் பார்த்தாள்.

'காவல் எல்லை' தொடருக்குத் திரைக்கதை கிடையாது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகள் யோசிக்கும் விதத்தைப் பதிவு செய்த பட்டைகளை நடிகர்கள் அணிவார்கள். ஒரு பொய்க்கொலையை ஏற்பாடு செய்து வைத்தால் போதும், அவர்கள் நிஜமாகவே துப்பறிவார்கள். நேரலையில் நாடே பார்க்கும். பட்டை போட்டிருக்கும்போது சொந்த நினைவுகள் அழிவதில்லை. பின்னால் மங்கிக் கிடக்கும். யாராவது கிளறினால் மேலே வரும்.

பயிற்சித் துப்பறிவாளர்களாக நறுமுகையும் ஜெரோமும் சேர்ந்த முதல் நாள் அது. அவர்களுக்கு மேலதிகாரி கோதண்டராமன். தொடர் ஆரம்பித்ததிலிருந்தே அவர்தான் ஆய்வாளர். அவர் பிடரியில் இருந்தது, லஞ்சத்துக்குக் கைநீட்ட மறுத்ததற்காகவே ஊர் ஊராகப் பந்தாடப்பட்ட ஓர் அதிகாரியின் மனம்.

நறுமுகைக்கு முன்பு அந்த வேடத்தில் இருந்தவன் திலீபன். போன மாதம் இதே மாடியில் ஒத்திகை பார்க்க வந்தவன், கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் கீழே விழுந்து செத்துப்போனான். எட்டிப் பார்த்து நிலைதடுமாறிவிட்டான் என்று உடனிருந்த கோதண்டராமன் சொன்னார். விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

இன்றைய பிணம் ரப்பர் பொம்மை. கீழே தரையில் கிடந்தது. அதைப் பார்க்க நறுமுகை கம்பியை நெருங்கினாள்.

"அந்தப் பக்கம் சாயாதேம்மா! அது கையோட வந்துரும்!"

கோதண்டராமன்தான் கத்தினார். நறுமுகை கம்பியைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. குனிந்து பார்த்தாள். மற்ற போல்ட்டுகள் எல்லாம் துருவேறிக் கிடக்க, அந்தக் கம்பித் துண்டில் மட்டும் இரண்டு புதுசாகப் பளபளத்தன.

"கெட்டியாத்தானே இருக்கு சார். இது கையோட வரும்னு யார் சொன்னது?"

அவர் கண்கள் அந்த இரண்டு போல்ட்டுகளிலேயே நின்றன.

காதுக்குள் இயக்குநர் பர்வீனின் குரல் சீறியது. "நறு, அது நம்ம ஏற்பாட்டுல இல்ல. பொம்மையைப் பாரு."

பட்டையிலிருந்த போலீஸ் மனத்துக்கு எது ஏற்பாடு, எது நிஜம் என்ற கணக்கெல்லாம் இல்லை. "திலீபன் எட்டிப் பார்த்து விழுந்தான்னு சொன்னீங்க. கம்பி விட்டுப்போச்சுன்னு யாருமே சொல்லலியே சார். போல்ட்டைக் கழட்டினவருக்கும், அவன் விழுந்ததும் திரும்ப மாட்டினவருக்கும் மட்டும்தானே அது தெரியும்?"

ஜெரோம் வாயைத் திறந்தபடி நின்றான். கோதண்டராமன் அவளை நோக்கி நடந்து வந்தார். அவளுக்குப் பின்னால் கம்பி. அதற்கப்பால் வெறும் காற்று. வருவது ஆய்வாளரா, நடிகரா? அந்த முகத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"மேடம், அவர் பட்டையை அணைச்சிடுங்க!" என்று கீழே கட்டுப்பாட்டு அறையில் யாரோ கத்துவது காதில் கேட்டது. "இரு," என்றாள் பர்வீன். "பார்க்கிறவங்க எண்ணிக்கை ஏறுது. இரு."

அவர் பைக்குள் கை விட்டார். நறுமுகை கம்பியை இறுகப் பற்றினாள்.

வெளியே வந்தது கைவிலங்கு. தன் இரு மணிக்கட்டிலும் தானே மாட்டிக்கொண்டார்.

"தம்பி, இங்க வா," என்று ஜெரோமை அழைத்தார். குரலில் அவசரம். "நல்லாக் கேட்டுக்க. என்னை எடுத்துட்டு அந்தப் பையனை ஆய்வாளராப் போடப் போறாங்கன்னு தெரிஞ்சது. ஒத்திகைக்கு முன்னாடி வந்து போல்ட்டைக் கழட்டினேன். பழசு ரெண்டும் ஸ்பானரும் என் கார் டிக்கியில, ஸ்டெப்னிக்கு அடியில இருக்கு. உடனே போய் எடு. பட்டையைக் கழட்டிட்டா இந்த ஆள் எதையும் ஒத்துக்க மாட்டான். நான் இவனுக்குள்ள இருக்கறப்பவே..."

கீழே யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். பட்டையின் விளக்கு அணைந்தது.

கோதண்டராமன் கண்ணைச் சிமிட்டினார். கைகளைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"எவன்டா எனக்கு விலங்கு மாட்டினது? நடிப்புய்யா! எல்லாம் நடிப்பு!"

ஜெரோம் அதற்குள் படியிறங்கி ஓடியிருந்தான். வீடு வீடாக மக்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நிஜப் போலீஸ் வந்து டிக்கியைத் திறந்து காட்டியபோதுதான் கைதட்டல் நின்றது.

தொடரை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். ஆய்வாளர் வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பெரிய பெரிய நடிகர்கள் ஆசையாக வந்தார்கள். எந்த அதிகாரியின் பட்டை என்று தெரிந்ததும், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, ஒருவருக்கு வேறு படப்பிடிப்பு நினைவுக்கு வந்தது.

கடைசியில் பர்வீன் அந்தப் பட்டையை நறுமுகையிடம் நீட்டினாள். "நீயே போட்டுக்கோயேன். கண்டுபிடிச்சவ நீதானே. உனக்கென்ன பயம்?"

நறுமுகை அதைக் கையில் வாங்கினாள். வெறும் தோல்நிறப் பட்டை, எடையே இல்லை. தன் வாழ்க்கையில் மறைக்கும்படி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நாளைக்குச் சொல்றேன் மேடம்," என்றாள்.