ஆற்றில் ஏறிய மிதவை

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆஷா ஆழ்வார்பேட்டை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். பழைய பங்களா அது. மாடிப்படியில் எப்போதும் ஊறிப்போன சுண்ணாம்பின் வாடைதான் அடிக்கும். அன்று நனைந்த மீன்வலையின் வாடை அடித்தது. நொச்சிக்குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

கடலில் விட்ட மிதவைகளின் தகவல்களைக் கவனிப்பது அவள் வேலை. துருவத்துக்குத் துருவம் சுற்றும் செயற்கைக்கோள்கள் சென்னைக்கு மேலே கடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மிதவையும் நீரின் சூட்டை மேலே அனுப்பும். அந்தச் சமிக்ஞையை வைத்தே அது எங்கே கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

திரையைப் பார்த்தவளின் கை அப்படியே நின்றது.

ஏழாம் மிதவை பேசியிருந்தது.

போன மாதப் புயலில் அறுந்துபோன மிதவை அது. துறைமுகத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டை இறக்கும் முன்பே, அதை மீட்டுவர அவளுடைய தாய்மாமன் லாசரைப் படகில் அனுப்பினார் முதலாளி முத்துகிருஷ்ணன். போகாவிட்டால் ஆஷாவுக்கு இங்கே வேலை இருக்காது என்று சொல்லியே அனுப்பினார். லாசர் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது, நான் யாரையும் அனுப்பவில்லை, குடித்துவிட்டுத் தானாகப் போயிருப்பான் என்று கைகழுவிவிட்டார். லாசர் குடியைத் தொட்டதே இல்லை. ஆஷா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மிதவை நடுக்கடலில் இருந்தது. அடுத்த செயற்கைக்கோள் கடந்தபோது பட்டினப்பாக்கத்துக்கு நேர் எதிரே வந்திருந்தது. அதற்கும் அடுத்தது கடந்தபோது அடையாற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்திருந்தது.

மழைவெள்ளம் ஆற்றைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மிதவை அதை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

"உங்க குப்பத்து ஆளுங்க எவனாவது எடுத்து வச்சிருப்பான். நாளைக்குப் போய் வாங்கிட்டு வா," என்றார் அவர், நிமிராமலே.

அவர் நாற்காலிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் கடல் மணல் கிடந்தது. அவர் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கோட்டூர்புரத்துக்குக் கிளம்பிப் போனார். ஆற்றோரத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு, தனி ஆள்.

மிதவை அடையாறு பாலத்துக்கு அடியில் இருந்தது.

ஆஷா லாசரின் மனைவி தேசம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவுரு வந்துகினு கீறாரு," என்றாள் தேசம்மா மெல்ல. "நீ குறுக்க நிக்காத, கண்ணு."

"அத்த, சாருக்கு ஒரு வார்த்த சொல்லிடட்டா?"

"உன் மாமனுக்கு யாரு சொன்னாங்க?"

ஆஷா முதலாளியின் எண்ணை எடுத்தாள். அழுத்தாமலே போனைக் கவிழ்த்து வைத்தாள். அவளுடைய பயத்துக்கு அடியில் ஏதோ ஒன்று தித்தித்தது. அந்தத் தித்திப்புதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மிதவை கோட்டூர்புரத்தைத் தொட்டது.

பிறகு ஆற்றில் இல்லை. கரையில் இருந்தது.

போன் அதிர்ந்தது. முத்துகிருஷ்ணன்தான்.

"ஆஷா..." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கதவுக்கு வெளிய யாரோ நிக்கிறாங்க. உள்ள தண்ணி வருது."

"அது மூணாவது மாடி, சார்."

"தெரியும்."

அலையின் இரைச்சல் ஒன்று எழுந்து காதை அடைத்தது. தொடர்பு அறுந்தது.

மறுநாள் போலீஸார் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடி இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்குச் சேதமில்லை. சுவரெல்லாம் ஆளுயரத்துக்கு உப்புநீர் கறை. முத்துகிருஷ்ணன் மட்டும் இல்லை.

ஆஷா அலுவலகத்துக்கு வந்து திரையைத் திறந்தாள். ஏழாம் மிதவை நடுக்கடலுக்குத் திரும்பிவிட்டிருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு சமிக்ஞை தெரிந்தது. அதற்கு எண் இல்லை. அப்படியொரு கருவியை அவர்கள் கடலில் விட்டதே இல்லை. அதனோடு வந்த ஆழக் கணக்கு அதைக் கடலின் அடியில் காட்டியது. அந்த ஆழத்திலிருந்து எந்தக் கருவியாலும் வானத்தோடு பேச முடியாது.

அது அனுப்பிய சூடு, உயிரோடிருக்கும் மனித உடம்பின் சூடு.

கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தாள். மார்கழி வந்து கடலே குளிர்ந்துவிட்டது. செயற்கைக்கோள் கடக்கும்போதெல்லாம் பார்க்கிறாள்.

அது மட்டும் இன்னும் ஆறவில்லை.