ஓர் அட்டை கூடுதல்

விடுப்பு முடிந்து அலுவலகம் போன அன்று மழை. பழைய கட்டடம், தரைவிரிப்பில் ஈர வாடை. வாசல் காவலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் குடையை மட்டும் வாங்கி வைத்தார். நல்ல மனிதர்.

நாங்கள் செய்வது பேச முடியாத நோயாளிகளுக்கான தொடுதிரைப் பலகை. படத்தைத் தொட்டால் அவர்களுக்காக அது பேசும். தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. என் மனைவி இதே குழுவில் இருந்து அதை வடிவமைத்தவள். கடைசி வாரங்களில், குரல் போன பிறகு, வார்டில் அவளே அதைப் பயன்படுத்தினாள்.

மதியம் மீள்பார்வைக் கூட்டம். ஒவ்வொரு கட்ட வேலை முடிந்ததும் நடப்பது. எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று ஆளுக்கு ஓர் அட்டை கைபேசியில் எழுதி அனுப்புவோம். அது சுவர்த்திரையில் விழும். பெயர் இருக்காது. யார் எழுதியது என்று கேட்கவும் கூடாது.

குழுத் தலைவி எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவர்தான் வாசித்தார்.

"சாப்பிடுற நேரத்துல மீட்டிங் வைக்கிறதை நிறுத்தணும். சரிதான், இது எனக்கு விழுந்த அடி."

சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

அடுத்த அட்டையில் அவர் குரல் தயங்கியது.

"என்னை எழுப்பாதீங்க. கை வலிக்குது."

ஆளுக்கு ஒன்று போக, ஓர் அட்டை கூடுதலாக இருந்தது.

"வவ்வாலு, உன் வேலையா?" இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"சத்தியமா இல்லக்கா. அண்ணன் இருக்கும்போது இப்படி விளையாடுவேனா?"

அவன் முகம் வெளிறியிருந்தது. கூட்டம் கலைந்ததும் என்னைச் சோதனை அறைக்கு அழைத்துப் போனான்.

"அண்ணே, திட்டாதீங்க. அண்ணி வார்டுல தொட்டதெல்லாம் பதிவாகியிருந்துச்சு. விரல் எங்க பட்டுது, எங்க நடுங்குச்சு, எல்லாம். அதைவிட உண்மையான பதிவு கிடைக்கல. அதைத்தான் சோதனைக்கு வச்சிருக்கோம்."

"எப்படி?"

"புரோகிராம்ல யார் ஒரு வரி மாத்தினாலும், அந்தப் பதிவு முதல்லேர்ந்து தானா ஓடும்ணே. எதுவும் கெட்டுப்போகலன்னு பார்க்க."

நாங்கள் நாள் முழுக்க வரிகளை மாற்றுகிறவர்கள்.

மேசையில் பலகை ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல் போன வழியில் வெள்ளைப் புள்ளி ஒன்று கண்ணாடிக்குள் ஊர்ந்தது. தண்ணீர்ப் படத்தைத் தேடியது. தவறியது. மறுபடி தேடித் தொட்டது.

"தண்ணீர் வேண்டும்."

அறையில் மருந்து வாடை அடித்தது. வவ்வாலும் மூக்கைச் சுளித்தான்.

"வலிக்கிறது."

"வலிக்கிறது."

"வலிக்கிறது."

"இதை அழிச்சிடலாம்" என்றேன்.

"வேற பிரதி இல்லண்ணே. போனா போனதுதான். நல்லா யோசிச்சுக்கங்க."

வீட்டில் அவள் துணிகளைக்கூட நான் இன்னும் கொடியிலிருந்து எடுக்கவில்லை. அவள் விரல் அசைந்ததற்கு மிச்சமிருப்பது இந்தப் புள்ளி ஒன்றுதான். ஆனால் கை வலிக்கிறது என்கிறாள்.

"கொஞ்சம் வெளிய இரு."

கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆம் என்று தொட்டேன். புள்ளி பாதி வழியில் நின்றது, மறைந்தது. பலகையை அணைத்து மின்கம்பியையும் பிடுங்கினேன். கண்ணாடி கறுத்தது. இனிமேலாவது தூங்கட்டும்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, கண்ணாடியில் நகம் படும் ஒலி.

பலகை தானாக விழித்தது. புள்ளி எதுவும் இல்லை. கண்ணாடியின் மேல் ஆவி படர்ந்தது. அதில் ஒரு விரல்நுனி அளவு இடம் தெளிந்தது. தெளிந்த இடம் மெல்ல நகர்ந்தது. இந்த முறை நடுக்கம் இல்லை, தேடலும் இல்லை. எல்லாப் படங்களையும் தாண்டிக் காலியான மூலைக்குப் போய் அழுத்தியது. அங்கே நாங்கள் எதையும் வைக்கவில்லை.

எங்கள் பலகைக்குப் பேச்சுத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேசியது.

"கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க."

"அண்ணே, முடிஞ்சுதா?" வெளியிலிருந்து வவ்வால் கேட்டான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.