சுலேமிக்கு ஒரு தூளி

அக்டோபர் முப்பதாம் தேதி மதியம் மெரிடா பேருந்திலிருந்து என் பிறந்த ஊரான இசமாலில் இறங்கியபோது என் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு தூளி. வெள்ளையும் இளம்பச்சையும் கலந்து வலையாகப் பின்னிய பருத்தி நூல் தூளி. என் தம்பி காஸ்பரின் மனைவி மிர்னாவுக்கு அப்போது எட்டாம் மாதம். பிள்ளைக்கு ஒதுக்கிய அறையில் எந்தப் படுக்கை போடுவது என்று அந்த வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. யாரும் கேட்காமலேயே அதற்கு நான் ஒரு முடிவு கட்டிவிட்டேன். என் சுபாவம் அப்படி.

காஸ்பர் வாசலில் நின்றிருந்தான்.

"வாக்கா. பையில என்ன, எனக்குத் திங்கவா?"

"உனக்கு எதுக்குடா திங்க? உன் வயித்தப் பாத்தா மாசம் உனக்கா அவளுக்கான்னு ஊரே குழம்பும்."

உள்ளேயிருந்து மிர்னா சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு நான்கு வருடமாகியிருந்தது.  நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெயிலைத் திட்டினேன்.

பிள்ளைக்கு ஒதுக்கிய அந்த அறையில் எதுவும் மாறவில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் தூளி மாட்டும் இரும்புக் கொக்கிகள். மூலையில், பழைய விரிப்பு போர்த்தி, சணல் கயிற்றால் கட்டிய மரச்சட்டங்கள். அது சுலேமியின் தொட்டில். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னலைத் திறந்தேன்.

சுலேமி அவர்களுடைய முதல் பிள்ளை. மிர்னா தலைநகரத்துப் பெண். கட்டிலில் பிறந்து கட்டிலில் வளர்ந்தவள். பிள்ளைக்கு நான்கு பக்கமும் கம்பி வைத்த மரத்தொட்டில்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினாள். நான் சும்மா இருந்தேனா? "பிள்ளையப் பெத்து கூண்டுலயாடி போடுவே, தலைநகரத்துக்காரி? எங்க வீட்ல கிளியக்கூட இப்படிப் போட மாட்டோம்" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். பிறந்த ஐந்தாம் மாதம், மே மாத மதியம் ஒன்றில், அந்தத் தொட்டிலில் தூங்கிய சுலேமி எழுந்திருக்கவில்லை. காரணம் எதுவும் தெரியவில்லை, இப்படிச் சில பிள்ளைகளுக்கு நடந்துவிடுகிறது, யார் மேலும் தப்பில்லை என்றார் மருத்துவர்.

நான்தான் அதோடு விடவில்லை. சின்னப் பெட்டி நடுவீட்டில் இருக்கும்போது, என் துக்கம் தாங்காமல், "தூளியில போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று சொல்லி அழுதேன். மிர்னா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.  அன்று முதல் நான்கு வருடம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் நான் வந்துபோன ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் முப்பத்தொன்று, செத்துப்போன பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாள். காலையிலேயே மேசையில் வண்ண மெழுகுவர்த்தி, மக்காச்சோளக் கஞ்சி, சர்க்கரையில் வேகவைத்த பூசணி, ஒரு மர பொம்மை எல்லாம் வைத்தோம். அன்றைக்கு உயிரோடிருக்கும் பிள்ளைகளின் வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டுவோம். நூல் கட்டிய பிள்ளை இந்த வீட்டில் இருக்கவேண்டிய பிள்ளை. செத்த பிள்ளைகள் திரும்பிப் போகும்போது அதைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காக மிர்னாவின் கையில் நான் கட்டினேன்.

"இறுக்கமா இருக்கா?"

"பரவால்ல அண்ணி. இறுக்கமாவே இருக்கட்டும்."

சாப்பிட்டதும் காஸ்பர், "அந்தத் தொட்டில யாருக்காவது குடுத்துடலாம் மிர்னா" என்றான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "மாட்டிக் காட்டறேன், அப்புறம் சொல்லு" என்று எழுந்துபோய், நான் கொண்டுவந்த தூளியைக் கொக்கிகளில் கட்டி விரித்துவிட்டேன்.

இந்த ஊரில் பிறந்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அம்மா அந்த நாளில் வீட்டிலுள்ள காலித் தூளிகளையெல்லாம் சுருட்டி முடிந்து வைத்துவிடுவாள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தப் பிள்ளையின் பழைய தூளி ஒன்றை மட்டும் விரிப்பார்கள். நடந்து களைத்து வருகிற பிள்ளை அதில் படுத்துக்கொள்ளும். யாருடையதும் இல்லாத புதுத் தூளி விரிந்து கிடந்தால், முதலில் வருகிற பிள்ளைக்கு அது சொந்தமாகிவிடும்.

சுலேமிக்குத் தூளியே இருந்ததில்லை.

அன்று இதெல்லாம் என் மண்டையில் உறைக்கவில்லை. ஜெயித்துவிட்ட திருப்தியோடு போய்க் கூடத்துத் தூளியில் சாய்ந்தேன்.

மூன்று மணி இருக்கும். மின்சாரம் போய் விசிறி நின்றது. காற்று அசையவில்லை. தெருவில் நாய்கூட இல்லை. காஸ்பரின் குறட்டை மட்டும் கேட்டது. சற்று நேரத்தில் அதற்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

கிர்ர்... கிர்ர்...

கயிறு கொக்கியில் உரசும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிறேன், என்னை ஏமாற்ற முடியாது. தூளி வெறுமனே ஆடினால் அந்தச் சத்தம் வராது. உள்ளே பாரம் இருந்தால்தான் வரும்.

மிர்னாதான் விளையாட்டாக ஆட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோனேன்.

மிர்னா அறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கையும் நிலையைப் பிடித்திருந்தன.

அறைக்குள் யாரும் இல்லை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

அதன் நடுப்பகுதி தொய்ந்திருந்தது. கொஞ்சம்தான். இரண்டு உள்ளங்கைகளில் தாங்கக்கூடிய பாரத்துக்கு எவ்வளவு தொய்யுமோ அவ்வளவு. அந்த இடத்தில் வலையின் கண்கள் விரிந்திருந்தன. அவற்றுக்குள் ஒன்றுமில்லை. குழந்தைப் பவுடரும் புளித்த பாலும் கலந்த வாசனை வந்தது. நான்கு வருடமாக அந்த வீட்டில் இல்லாத வாசனை.

"அண்ணி..." என்று மிர்னா கிசுகிசுத்தாள். "சத்தம் போடாதீங்க. இப்பதான் கண் அசந்திருக்கா."

அவளுடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து, ஈரம் வயிறுவரை இறங்கிக்கொண்டிருந்தது.

 இதை உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. உள்ளே போய்க் கொக்கியில் நான் போட்ட முடிச்சைப் பிடித்தேன். எளிதில் உருவும் முடிச்சு அது. உருவ வரவில்லை. கயிறு சூடாக இருந்தது. இழுத்தேன்.

தூளிக்குள்ளிருந்து ஒரு சிணுங்கல்.

நான் கையை எடுத்துவிட்டேன். மிர்னா ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு, தூளியின் விளிம்பைப் பிடித்து மெதுவாக ஆட்டினாள். சிணுங்கல் அடங்கியது.

"மிர்னா, இது வேணாம்டி. அது வயித்துப் பிள்ளைக்கு வாங்கினது. அவிழ்த்து எரிச்சிடலாம்."

"எழுப்பி வெளிய அனுப்பச் சொல்றீங்களா? நாலு வருஷமா வந்து படுக்க எடமில்லாமப் போயிருக்கா, அண்ணி."

"அப்போ பொறக்கப் போறதுக்கு?"

"தொட்டில் இருக்குல்ல."

"அந்தத் தொட்டில்லயா!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் அன்று பார்த்த அதே பார்வை.

"அந்தத் தொட்டில ஏன் யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன் தெரியுமா? தினமும் அதுகிட்டக் கேட்டேன். அண்ணி சொன்னது நெசமா, நான்தான் என் பிள்ளையக் கொன்னேனான்னு. தூளிதான் நல்லதா, தொட்டில்தான் தப்பான்னு. அது மரம் அண்ணி. என்ன சொல்லும்?" அவள் குரல் உடைந்தது. "தொட்டில் அவள ஒண்ணும் பண்ணல. தூளியா இருந்தாலும் அவ போயிருப்பா. நீங்க அன்னிக்கு அதச் சொல்லாம இருந்திருந்தா, நான் அவளுக்காக மட்டும் அழுதிருப்பேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  ஊரே வாயாடி என்று சொல்லும் எனக்கு, மன்னித்துவிடு என்ற ஒரு சொல்லைச் சொல்ல அன்று மாலைவரை ஆயிற்று. அவள் தூளியை ஆட்டுவதை நிறுத்தாமல் அதைக் கேட்டாள். 

நவம்பர் கடைசியில் பையன் பிறந்தான். எலியேசர் என்று பெயர் வைத்தார்கள். காஸ்பர் தொட்டிலைத் துடைத்து, ஆணிகளை முடுக்கி, தூளிக்குப் பக்கத்தில் போட்டான்.  இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பையன் தொட்டிலில் தூங்கினான். அவன் அழத் தொடங்கினால் தூளி ஆட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் அடங்குவான். காஸ்பர் ஆரம்பத்தில் காற்று என்று சொல்லிப் பார்த்தான். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான்.

அடுத்த வருடம் அதே முப்பத்தொன்றாம் தேதி. பதினோரு மாதப் பையனின் வலது மணிக்கட்டில் நானே நூலைக் கட்டினேன். மூன்று முடிச்சு. மதியம் அவனைத் தூங்கவைத்துவிட்டு மிர்னா சமையலறைக்குப் போனாள். நான் அறை வாசலைவிட்டு நகரவில்லை. கண்ணை மட்டும் ஒரு நிமிஷம் மூடியிருப்பேன்.

திறந்தபோது தூளி ஆடவில்லை.

ஒரு வருடத்தில் அவ்வளவு அமைதியை அந்த அறையில் நான் கேட்டதில்லை.

தொட்டிலுக்குள் பார்த்தேன். பையன் மல்லாந்து கிடந்தான். வலது கை விரிந்திருந்தது.

கையில் நூல் இல்லை.

"கடவுளே, இவன விட்டுடு" என்று அவன் நெஞ்சில் கை வைத்தேன். சூடாக இருந்தது. மூச்சு வந்தது. வந்தது, வந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே நூலைத் தொட்டிலுக்குள் தேடினேன். விரிப்பை உதறினேன். கிடைக்கவில்லை. பிறகு தலையைத் திருப்பினேன்.

தூளியின் தொய்வுக்கு மேலே, வலையில் படாமல், சிவப்பு நூல் நின்றது.

அறுந்த நூல் அல்ல. மூன்று முடிச்சும் அவிழ்ந்து, மறுபடி சின்னதாகக் கட்டப்பட்ட நூல். அது தட்டையாகவும் இல்லை. ஒரு மணிக்கட்டைச் சுற்றியிருந்தால் எப்படி உருண்டு நிற்குமோ, அப்படி வட்டமாக நின்றது. ஐந்து மாதக் குழந்தையின் மணிக்கட்டு. அது பயந்த பிள்ளையின் கையைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் மிர்னாவின் மூச்சு கேட்டது.

"தம்பிய எடுக்க வரல, அண்ணி" என்றாள். "மத்த பிள்ளைங்க திரும்பிப் போறப்போ இவளையும் கூப்பிடுவாங்கல்ல. போகப் பிடிக்கல. இந்த வீட்டுப் பிள்ளைன்னு காட்ட இவ கையில நூல் இல்ல." அவள் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கும் ஒண்ணு கட்டணும்னு நம்ம ரெண்டு பேருக்குமே தோணலையே."

நூல்கண்டை எடுத்துப் பையன் கையில் புதிதாக ஒன்று கட்டினாள். பிறகு தூளியைத் தொட்டாள். நடுக்கம் மெல்ல நின்றது. கிர்ர்... கிர்ர்... என்று சத்தம் தொடங்கியது.

சுலேமி போகவில்லை. மறு வருடமும் போகவில்லை. போன வாரம் மிர்னா எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். தூளியில் அந்தச் சிவப்பு நூல் அறுந்து கிடந்ததாம். யாரும் வெட்டவில்லை. இறுகி இறுகித் தானாகத் தெறித்திருக்கிறது. மிர்னா கொஞ்சம் பெரிதாக இன்னொன்று கட்டி விட்டாளாம்.

 தொலைபேசியில், அவள் குரலுக்குப் பின்னால், கயிற்றின் சத்தம் முன்பைவிடக் கனமாகக் கேட்டது.

"அண்ணி, இருக்கீங்களா? முப்பதாம் தேதி வரும்போது அடுத்த அளவுத் தூளி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இதுல அவ கால் வெளிய தொங்குது."

எட்டு வருடம் முன்பு அவள் தன் பிள்ளைக்குப் படுக்கை வாங்கியபோது நான் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அதைத்தான் இப்போது கேட்டேன்.

"என்ன கலர்ல வேணும், மிர்னா?"