மடங்கின நம்பர் பிளேட்

வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரர். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. நாலு எட்டு நடக்கச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ன மாப்ள, பெட்ரோல் போட மறந்துட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "மச்சான், அந்த மடக்கைக் கழட்டிட்டு பிளேட்ட அசையாம மாட்டி விடுங்க. இப்பவே."

நம்பர் பிளேட் மாட்டுவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. வாஷர் போடாமல் போல்ட்டை முறுக்குகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறே மாதத்தில் தகடு ஆடி, ஓட்டை கிழிந்து, நடுரோட்டில் விழும். இவ்வளவு வாய் பேசுகிற நானேதான் போன மாதம் இவருக்கு அந்த மடக்கைச் செய்து கொடுத்தேன். ஒரு கீல், ஒரு ஸ்பிரிங், கைப்பிடி வரை ஓடுகிற ஒரு கம்பி. கம்பியை இழுத்தால் பிளேட் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். வேகமாகப் போனால் கேமராவில் நம்பர் விழுகிறது, லைசென்ஸ் போய்விடும் என்று தங்கச்சியை விட்டுக் கேட்க வைத்தார். அவள் கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது.

"ஏன், நல்லாத்தானே மடங்குது?"

"மடங்கினது தானா இறங்குது மச்சான். நான் தொடவே இல்ல."

குனிந்து கீலைக் கழற்றினேன். ஸ்பிரிங்கில் ஒரு தலைமுடி சுற்றியிருந்தது. பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம் வந்தது. நுனி ஈரமாக இருந்தது. மாப்பிள்ளை தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மட்கார்டில் நேராக இரண்டு போல்ட் போட்டேன். வாஷர் போட்டேன். அதிர்வுக்குக் கழலாத நைலான் நட்டுகளைப் போட்டு, கை வலிக்க முறுக்கினேன். கையைத் துடைக்கத் துணியை எடுத்துவிட்டுத் திரும்பினால், இரண்டு நட்டும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன.

ஒன்று தரையில் விழுந்தது.

இன்னொன்றும் விழுந்தது.

"ரிவெட் அடிங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. பல் தந்தி அடித்தது.

ரிவெட் அடித்துவிட்டால் டிரில்லால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு அடித்தேன். எங்கள் கண்ணெதிரே இரண்டின் தலையும், உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக எழும்பின. பிளேட் மல்லாக்க விழுந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கும் ரோடு போடவில்லை. ஆனால் ஷெட்டு முழுக்கச் சூடான தார் வாடை அடித்தது.

பிறகு அந்தக் குரல். பெண் குரல். மூச்சுக்குத் திணறிக்கொண்டு, தரையை ஒட்டி வந்தது.

"நாலு..."

"ஒண்ணு..."

"ஒன்பது..."

அதோடு நின்ற குரல் எங்களைக் கேட்டது:

"அப்புறம்?"

பிளேட்டில் நாலு எண்கள். எல்லாம் நானே ஒட்டியவை. நாலாவது எண் பளிச்சென்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. 

"யார் மாப்ள அது?"

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். போன வாரம், குடோன் வளைவில், நல்ல வேகத்தில் வந்து ஒரு பொம்பளையை இடித்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்துப்போனாளாம். கேட்கிறவர்களிடமெல்லாம் மூன்று எண்களை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

"நிறுத்தலையா?"

"பயந்துட்டேன். திரும்பிப் பார்த்தேன் மச்சான். ரோட்டுல கெடந்தவ தலையைத் தூக்கி என் நம்பரைப் படிச்சிட்டு இருந்தா. வாய்விட்டுப் படிச்சா." அவர் குரல் உள்ளே போனது. "கம்பியை இழுத்துட்டேன்."

என் கையால் செய்த கீல். நாலாவது எண்ணை அவள் கண்ணிலிருந்து மறைத்தது அதுதான்.

"அப்புறம்?" இப்போது என் காதுக்குப் பக்கத்தில். காது மடல் சில்லிட்டது.

மாப்பிள்ளை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். "சொல்லாதீங்க மச்சான். உங்க தங்கச்சியை நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். தங்கச்சி அப்படி ரோட்டில் கிடந்து, தலையைத் தூக்கி ஒவ்வொரு எண்ணாகப் படிப்பதைத்தான் நினைக்க முடிந்தது. அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"அவ பார்க்கறது தெரிஞ்சும் இழுத்தியாடா?"

அதுவரை நான் அவரை டா போட்டதில்லை.

"ஆறு," என்றேன்.

தார் வாடை சட்டென்று நின்றது. தரையில் கிடந்த பிளேட் மட்கார்டில் இருந்தது. எப்போது ஏறியது என்று நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தார். வண்டியில் தாவி ஏறி உதைத்தார். "வேணாம் மாப்ள, இறங்குங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தெருக்கோடி திரும்பும் வரை நாலு எண்ணும் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன.

அதே குடோன் வளைவு. ஒரு லாரி. மாப்பிள்ளையை அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி எதிரே வந்தவர்களையெல்லாம் பிடித்து உலுக்கினாள். "நம்பர் பார்த்தீங்களா? யாராவது பார்த்தீங்களா?" ஒருத்தரும் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. அந்த நாலாவது எண்ணை நான்தான் சொன்னேன் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அதற்கு எனக்குத் தைரியமும் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஷெட்டைத் திறந்தேன். கீல், ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டாயிற்று. முதலில் வந்தவர் ஒரு வாத்தியார். புது வண்டி. முன்னும் பின்னும் பிளேட் மாட்ட வேண்டும். வாஷர் டப்பாவை எடுக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வாத்தியார் வாசலில் நின்று அண்ணாந்து என் கடைப் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள யாரோ ஒரு அம்மா இருக்காங்க போலிருக்கே," என்றார். "மடக்கு செஞ்சது யாருன்னு கேட்டாங்க."

டப்பா கையிலிருந்து நழுவியது. "நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"எனக்கென்ன தெரியும்? இங்க வேலை செய்யறது நீங்க ஒருத்தர்தானே. போர்டுல இருந்த உங்க பேரைப் படிச்சுச் சொன்னேன்." அவர் சிரித்தார். "பாதியில நிறுத்தாதீங்க, முழுசாப் படிங்கன்னாங்க. முழுசாப் படிச்சேன்."