பிந்தி வந்த ஆமென்

எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு இன்னொரு ஆமென் கேட்டது.

சேலையூர் வீட்டின் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த சபைப் பெண்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முக்காட்டை இறக்கிவிட்டு, மழை பிடிப்பதற்குள் வீடு போய்ச் சேரும் அவசரத்தில் செருப்பைத் தேடினார்கள். ஞானஜோதி மட்டும் அசையவில்லை. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி, சின்னதாக, ஈரமாக இருந்தது அந்தக் குரல். அது அவள் வயிற்றிலிருந்து வந்தது.

"கைய வச்சு ஜெபிச்சிருக்கோம், ஞானம். கட்டி தானா கரைஞ்சிடும்," என்றாள் ரத்தினபாய் அக்கா, வாசலில் குடையைக் கையில் எடுத்தபடி. நான்கு மாதம் முன்பு இதே வயிற்றில் கை வைத்து, எட்டு வருஷம் கழித்துக் கர்த்தர் கண் திறந்தார் என்று அழுதவளும் இதே அக்காதான். நாள் தள்ளிப்போயிருந்தது, வயிறு எழும்பியது, வேறென்ன வேண்டும்? ஸ்தோத்திரக் காணிக்கைகூடப் போட்டாயிற்று. தனசிங் ரயில்வே ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக மனைவியின் வயிற்றில் கை வைத்து, சாமுவேல் என்று பேர் சொல்லி ஜெபிப்பான். பிறகுதான் லேடி டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை, சினைப்பையில் கட்டி என்றார். அத்தனை ஜெபத்தையும் வாங்கி வளர்ந்தது அதுதான்.

விடிந்தால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டி வரலாம், அப்புறம் குழந்தைக்கு வழியில்லை என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். பரவாயில்லை. இது போனால் போதும். ஞானஜோதிக்கு இப்போது வேறு ஆசையே இல்லை.

அக்காவை பஸ் ஏற்றிவிட தனசிங் கூடப் போனான். மழை பிடித்துக்கொண்டது. பம்மல் பக்கத்துத் தோல் கம்பெனி வாடை காற்றோடு வந்தது, ஊறின தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை. அவள் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள், வாடை போகவில்லை, சேலைத் தலைப்பை முகர்ந்தாள், உள்ளங்கையை முகர்ந்தாள், அவள் மேலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சில கட்டிகளில் முடி இருக்கும், பல்கூட இருக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. முடியைச் சொன்னார். பல்லைச் சொன்னார். நாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டில் மழை இரைந்தது. அதற்குள்ளும் அந்தக் குரல் கேட்டது.

"கர்த்தாவே." தனசிங் ஜெபிக்கும்போது இழுக்கிற அதே இழுவை. "சாமுவேலைக் காப்பாத்தும்."

காதைப் பொத்தினாள். இன்னும் தெளிவாகக் கேட்டது.

கதவு திறந்தது. தனசிங் நனைந்துபோய் நின்றான். ஆஸ்பத்திரிக்கென்று அடுக்கி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தான்.

"ஜோதி, எனக்கு மனசே இல்ல. ரெண்டையும் எடுத்துட்டா அப்புறம் நமக்குன்னு என்ன இருக்கு? ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாமே." அவள் பக்கம் திரும்பினான். "உனக்குப் போகணும்னா போகலாம். நீ சொல்றதுதான்."

போகணும். இப்பவே போகலாம். சொல்ல வாயைத் திறந்தாள்.

நாக்கு எழவில்லை.

அடிவயிற்றில் ஏதோ புரண்டது. மேலே வந்தது. நெஞ்சு. தொண்டை. அவள் தனக்குள்ளேயே கீழே நழுவினாள். எங்கே என்று தெரியவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"வேணாங்க," என்றது அவள் குரல், வெகு உயரத்தில். "ஆஸ்பத்திரி வேணாம்."

தனசிங் விம்முவது கேட்டது. பெட்டியின் கொக்கி திறந்தது. சேலைகளை எடுத்து பீரோவில் அடுக்குகிறான். அவன் ஏதோ சொல்ல, அவள் குரல் சிரித்தது.

இருட்டு. சூடு. முகமெல்லாம் ஈர முடி. அலறினாள். வாய் நிறைய முடி. காலால் உதைத்தாள், மறுபடி உதைத்தாள்.

வெளியிலிருந்து ஒரு உள்ளங்கை அவள்மேல் மெல்லப் பதிந்தது.

"ஜோதி, அசையுது பாரு," என்றான் தனசிங்.