வலப்பக்கம் வந்த விக்டோரியா

1940 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை மாலை, பம்பாய் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பழைய ஃபோர்டு கார் திடீரென்று நின்றது. பின்னால் வந்த கட்டைவண்டி அதன் மட்கார்டை நசுக்கியது. யாருக்கும் காயமில்லை.

பின்சீட்டில் இருந்த ஷ்யாமளாவின் நெற்றி மட்டும் முன்சீட்டில் நன்றாக இடித்துக்கொண்டது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள் அவள். மழையால் அன்று அவளுக்கும் இன்னொருவனுக்கும் ஒரே நேரத்தில் பாடம். ஸ்டியரிங்கில் இருந்தவனை அதுவரை முதுகாக மட்டுமே பார்த்திருந்தாள்... இப்போது அவன் திரும்பினான். நீண்ட இமைகள். நடுவே, தூங்கி எழுந்தவனைப் போல ஒரு திகைப்பு.

"அடி பட்டுடுத்தா? மன்னிச்சுக்கோங்கோ... வலப்பக்கம் விக்டோரியா வந்தது."

"எங்கய்யா வந்துச்சு?" ஓட்டக் கற்றுத்தரும் ஷேக் பரீத் பக்கத்து சீட்டிலிருந்து கத்தினார். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் வீடு. "ரோடு தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு! போன வாரமும் இதே எடம், இதே பிரேக்கு. காத்துக்கெல்லாம் வழி விட்டா, நான் கடையச் சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்!"

"புது மோட்டார் சட்டம் என்ன சொல்றது? சந்திப்புல வலப்பக்கம் வர்றதுக்கு வழி விடணும். அது உயிரோட இருக்கணும்னு சொல்லலையே!"

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் செத்தும் போயிற்று. ஏனென்றால் அவளும் பார்த்திருந்தாள்.

ஒற்றைக் குதிரை பூட்டிய விக்டோரியா வண்டி. கொட்டுகிற மழையில் வட்டத்தைச் சுற்றி வந்தது. குளம்புச் சத்தம் இல்லை. ஓட்டுகிறவன் இல்லை. குதிரையின் பிடரியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை...

"நீங்களே சொல்லுங்கம்மா. எதாவது வந்துச்சா?" பரீத் அவள் பக்கம் திரும்பினார்.

அவள் யோசித்தாள். மாட்டுங்காவில் ஒரு லேடி டாக்டர், மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கி வந்தால் தன் காரை ஓட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தாள். வேலை இல்லையென்றால் அத்திம்பேர் அவளைப் பாலக்காட்டுக்கு ரயிலேற்றிவிடுவார். அக்கா வீட்டில் ஒண்டியிருப்பவள் எத்தனை நாள்தான் ஒண்டுவது? இல்லாத வண்டியைப் பார்க்கிறவளுக்கு யார் ஓட்டக் கற்றுத்தருவார்கள்?

"இல்லை... ஒண்ணும் வரலை."

அவன் அவளைப் பார்த்தான். அதுதான் சுட்டது.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம் தம்பி," என்றார் பரீத். அவன் குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். பெயர் சுந்தரராமன், கோட்டைப் பக்கம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா என்று பரீத் பிறகு சொன்னார்.

அந்த வாரமே மாட்டுங்கா மார்க்கெட்டில், வெண்டைக்காய்க் குவியலுக்கு எதிரே, அவன் நின்றான்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலை," என்றான். "ஒண்ணும் வரலைன்னு சொல்றச்சே வலப்பக்கமே பார்த்துண்டிருந்தேள்."

"நான் எங்க வேணாலும் பார்ப்பேன்! அதைக் கேக்க நீங்க யாரு?"

"மோட்டார் ஸ்கூல்லேர்ந்து துரத்தப்பட்டவன்."

அவள் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும்... வாய் வரவில்லை. முற்றாத காயாகப் பார்த்துப் பொறுக்குவது போல நடித்தாள்.

"டெஸ்ட் என்னிக்கு?"

"இருபத்தாறு. ஏன்?"

"மழை பெய்யாம இருக்கட்டும்," என்றான் மெதுவாக. "அது மழையிலதான் வரது."

இருபத்தாறாம் தேதி விடிந்ததிலிருந்து மழை. லைசென்ஸ் கொடுக்கும் போலீஸ் சார்ஜெண்ட் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பரீத் பின்சீட்டில் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். திருப்பங்கள் சரி, கைச் சைகைகள் சரி... கிங்ஸ் சர்க்கிள் வந்தது. எதிர் நடைபாதையில் சுந்தரராமன்!

அந்தக் கணம் சத்தம் நின்றது. மழை பெய்துகொண்டே இருந்தது, காரின் கூரையில் விழுவது மட்டும் கேட்கவில்லை.

வலப்பக்கம்... காய்ந்த பிடரி. பெரிய, வயதான கண். அதில் தெருவும் மழையும் தெரியவில்லை. சீட்டின் மெத்தை யாரோ உட்கார்ந்திருப்பது போல அழுந்தியிருந்தது. மேலே யாரும் இல்லை.

"சலோ, சலோ," என்றார் சார்ஜெண்ட். "ரோடு காலிதானே?"

நடைபாதையில் சுந்தரராமன் முதலில் வலப்பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவசரமாகக் கையை ஆட்டினான். போங்கோ... போங்கோ!

போகலாம். போனால் லைசென்ஸ், வேலை, பம்பாய். அவள் காலை பிரேக்கில் அழுத்தினாள்.

"ஏன் நிறுத்தினாய்?"

"வலப்பக்கம் விக்டோரியா வரது, ஸார்."

சார்ஜெண்ட் வலமும் இடமும் பார்த்தார். பிறகு அவளை வெகுநேரம் பார்த்தார். அது கடந்து போகும் வரை காத்திருந்து, அப்புறம்தான் அவள் காரை எடுத்தாள். ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஃபெயில் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"யா அல்லா!" பரீத் தலையில் கை வைத்தார். "இப்ப ரெண்டு பேருக்குமால்லா புடிச்சிருக்கு!"

ஷ்யாமளா தெருவைக் கடந்து சுந்தரராமன் எதிரே போய் நின்றாள்.

"போங்கோன்னு கைகாட்டினேனே... ஏன் போகலை?"

"அன்னிக்கே நான் பார்த்தேன். பயந்துண்டு இல்லைன்னுட்டேன். இன்னிக்கும் இல்லைன்னா... அப்புறம் உங்க முகத்தை எப்படிப் பார்க்கறது?"

"என் முகத்தை எதுக்குப் பார்க்கணும்?"

"எதுக்கா? தினம் பார்க்கணும்னு தோணறது... போறுமா?"

அவன் அசையவில்லை. இமைகளில் மழை வழிந்தது.

"குதிரை இன்னிக்காவது நனைஞ்சிருந்ததா?" என்றான்.

"இல்லை. நீங்கதான் தொப்பலா நனைஞ்சிருக்கேள். இப்படியா குடையில்லாம வரது?"

"உங்களைப் பார்த்த நாள்லேர்ந்து எனக்கு எதுவும் ஞாபகம் இருக்கறதில்லை, ஷ்யாமளா."

ஆகஸ்டு முதல் தேதி லேடி டாக்டர் வேறொரு டிரைவரை வைத்துக்கொண்டாள். செப்டம்பரில், ஆவணி முடிவதற்குள், மாட்டுங்காவில் கல்யாணம் நடந்தது. ஷ்யாமளாவுக்கு அடுத்த ஜனவரியில் லைசென்ஸ் கிடைத்தது. சுந்தரராமனுக்குக் கிடைக்கவே இல்லை.