பாதிச் சோற்றில்

மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. ஆனாலும் மாமனாரின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. வெயில்தான் என்று திவாகர் முதலில் நினைத்தான். புக்கிட் பெருவாங்கின் அந்த வரிசை வீட்டில் மதியம் ஒரு மணிக்கு, மூடிய சன்னல்களுக்குள் ஊதுபத்திப் புகையும் சாம்பார் வாசமும் தேங்கி, சுவர்களே வியர்ப்பதுபோல் இருக்கும்.

அவன் மனைவி நளினி இறந்து ஒரு வருடம். அவளுடைய அறையில் வாழையிலை போட்டு, சோறும் கறியும் பாயாசமும் படைத்து, தடித்த ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவை மூடியிருந்தார்கள். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை வீட்டார் வெளியே காத்திருக்க வேண்டும். பத்தி எரிந்து முடியுமுன் கதவைத் தொடக் கூடாது. மாமனார் காளிமுத்து, தான் வளர்ந்த எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். திவாகருக்கு நம்பிக்கை இல்லை. மறுத்துப் பேசத் தெம்பும் இல்லை. அவனுக்கென்று மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா மாமா?"

"புள்ளைக்குப் போடாம நான் எப்படி மாப்ள சாப்புடுறது? மாத்திரை போட்டுட்டேன் லா. நேத்து மறந்துட்டேன், அதையும் சேர்த்து ரெண்டா முழுங்கிட்டேன். இல்லேன்னா அந்தக் கிளினிக் நர்ஸ் என்னை வறுத்து எடுத்துடுவா."

சிரித்தார். சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. போகவில்லை.

இனிப்பு நீர் மாத்திரை. வயிறு காலியாக இருந்தாலும் அது ரத்தத்துச் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும் என்று அதே நர்ஸ் அவனிடம் சொல்லியிருந்தாள்.

சமையலறைக்குப் போனான். சீனி இல்லை. அப்பாவுக்கு நோய் வந்த அன்றே நளினி அதை வீட்டிலிருந்து ஒழித்துவிட்டாள். நேற்று வாங்கிய வெல்லம் முழுவதும் பாயாசத்தில். பாயாசம் சட்டியோடு அறைக்குள்.

திரும்பி வந்து பெரியவரின் கையைத் தொட்டான். ஐஸில் வைத்த மீன்போல் இருந்தது.

"கதவைத் திறக்கிறேன் மாமா."

"திறக்காத." நாக்கு தடித்திருந்தது. "சாப்புட்டுக்கிட்டு இருக்கா. கேக்கல?"

உற்றுக் கேட்டான். மின்விசிறி. தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் தேய்ந்து மறைந்தது. பிறகு அறைக்குள், இலையில் விரல்கள் சோற்றைக் கூட்டுவதுபோல் ஒரு சன்னமான உரசல். பல்லியாக இருக்கும்.

ஆம்புலன்சுக்குப் போன் அடித்தான். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

கதவைத் திறந்தான். புகை. இலையைப் பார்க்காமல் சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். சோபாவில் அவரைச் சாய்த்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினான். மெல்ல மெல்ல விழுங்கினார். பத்து நிமிடத்தில் முகத்தில் ரத்தக்களை திரும்பியது. பார்வை தெளிந்தது.

"என்ன மாப்ள இப்படிப் பண்ணிட்ட?"

"என்ன மாமா?"

"பாதிச் சோத்துல எழுப்பிட்டியே."

திவாகர் சட்டியைக் கீழே வைத்தான். திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி அவர் முன் தரையில் உட்கார்ந்தான். களைப்பு எலும்புவரை இருந்தது. ஒரு வருடக் களைப்பு.

அவருக்கு மறுபடி வியர்த்தது. நெற்றியில் முதலில். பிறகு கழுத்தில். மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. கரண்டியை நீட்டினான். பல் கிட்டியிருந்தது. பாயாசம் தாடையில் வழிந்தது. விழுங்காதவர் வாயில் ஊற்றக் கூடாது. அதுவும் நர்ஸ் சொன்னதுதான்.

கரண்டியை வைத்தான்.

"மாமா."

தெருப் பக்கம் காதைக் கொடுத்தான்.

சைரன் இல்லை.

கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவை அறைக் கதவைப் பார்த்தன. பிறகு நகர்ந்தன. தரையோரமாக. மெதுவாக. நடந்து வருபவரைத் தொடர்வதுபோல. ஓரடி. இன்னோரடி. திவாகரின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றன.

அவன் திரும்பவில்லை.

விறைத்துக் கிடந்த அந்த உடம்பு சோபாவில் சற்றே நகர்ந்து இடம் விட்டது.

காலியான அந்த இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.